குளிரணும், தூறக்கூடாது

6 ஜனவரி, செவ்வாய்

மூன்று நாளாக வெயில் இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் இரண்டு மணிக்குக்கூட வானம் சாம்பல் பூசிக் கிடக்கிறது. இன்று விடிகாலை, வாசல் தூணில் தொங்கும் வெப்பமானி 21 டிகிரி காட்டியது. கேமரன் மலைக்காரர்களுக்கு இது ஒரு குளிரே இல்லை. வருடம் முழுக்க வேர்த்து வடியும் எங்களுக்கு, அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் கம்பளியைத் தேட வைக்கும் குளிர். வடகிழக்குப் பருவக்காற்று சீனாவின் பக்கமிருந்து குளிரையும் இழுத்துக்கொண்டு வரும் நாள்கள் இவை. கிழக்குக் கரையில் கொட்டித் தீர்க்கிற மழையைத் தித்திவாங்சா மலைத்தொடர் பாதிக்கு மேல் தடுத்துவிடும். நம் பக்கத்துக்கு வருவது மேகமும் தூறலும்தான்.

இந்தக் குளிரிலேயே ஒரு நாள் கோலகங்சாருக்குச் சைக்கிளில் போய்வர வேண்டும், தனியாக. அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்க்க வேண்டும். பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, இரண்டு பேருக்குப் பிறந்தவன் நான். எனக்கு 57 வயதாகிறது. அந்த ஊரைப் பேருந்திலும் காரிலும் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த மரத்தின் முன்னால் போய் நின்றதில்லை. இது என்னை ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது.

சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். பிரேக் கட்டைகளை மாற்றினேன். ஈரச் சாலைக்காக டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். மாற்று டியூப் இரண்டு. சனிக்கிழமை கிளம்பலாம் என்று எண்ணம்.

9 ஜனவரி, வெள்ளி

பகல் முழுக்கத் தூறல். கிளம்புவதா வேண்டாமா என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"உங்கப்பாவும் இப்படித்தான் நடப்பாரு. குளிரணும், ஆனா தூறக்கூடாது. அதான் எங்க வேண்டுதல்."

இதை அவர் முன்பும் சொல்லியிருக்கலாம். இன்றுதான் காதில் விழுந்தது.

பால்மரத்துக்கு விடிகாலைக் குளிர்தான் பொழுது. இலை வழியாகத் தண்ணீர் அதிகம் ஆவியாகாத நேரத்தில் பட்டைக்குள் பால் நாளங்கள் விம்மிக்கொண்டு இருக்கும். உளி பட்டதும் பால் ஓடும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறைந்துவிடும். வெட்டுவாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே குளிர்ந்த காலையில் பால் பிடிக்கும் மங்கு நிறையும். ஆனால் அந்தக் குளிரைக் கொண்டுவரும் அதே பருவம் மழையையும் கொண்டுவருகிறது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும், வெட்டக் கூடாது. வெட்டாவிட்டால் நாள் சம்பளம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கடன் ஏறியது அதனால்தான். குளிர் நல்ல பாலைக் கொடுக்கும், மழை வந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

பெரட்டு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது, எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "பழைய மணிக்கு அஞ்சு" என்றார். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். 44 வருடமாகியும் அம்மாவுக்கு அது புது மணிதான். அவருடைய ஐந்து, என் ஐந்தரை.

சரி, நாளைக்கு நானும் அந்த மணிக்கே எழுகிறேன்.

10 ஜனவரி, சனி

பழைய மணி ஐந்துக்கு எழுந்து பார்த்தேன். தூறல் நின்றிருந்தது. 21 டிகிரி.

அம்மா எனக்கு முன்பே எழுந்திருந்தார். நேற்றைய நாளிதழை நான்காக மடித்து நீட்டி, "சட்டைக்குள்ள நெஞ்சுல வச்சுக்க. உங்கப்பா நேசன் வச்சுக்குவாரு" என்றார். ஐரோப்பாவின் மலைப் பந்தயங்களில் உச்சியிலிருந்து இறங்கும் வீரர்கள் காற்றைத் தடுக்கச் சட்டைக்குள் செய்தித்தாள் செருகிக்கொள்வதைப் படித்திருக்கிறேன். என் அப்பாவும் அதையே செய்தார் என்று இன்றுதான் தெரியும். 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. வேறொரு தமிழ்த் தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு 5.50-க்குக் கிளம்பினேன்.

லிந்தாங் சாலையில் விளக்கே இல்லாத பகுதி. இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய்ப் பனை. நான் பிறந்தபோது இந்தச் சரிவு முழுக்கப் பால்மரம். என் விளக்கின் வட்டம் சாலையில் பத்து அடி முன்னால் ஓடுகிறது, அதற்குள் பனிப்புகை சுழல்கிறது. 21 டிகிரியில் நடந்தால் சுகமாக இருக்கும். மணிக்கு 25 கிலோமீட்டரில் மிதித்தால் அந்தக் காற்று விரல் மூட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதல் இறக்கத்திலேயே பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல ஆகிவிட்டன. நெஞ்சு மட்டும் சூடாக இருந்தது. தாள் வேலை செய்தது.

அப்பாவின் ராலே சைக்கிள் நினைவுக்கு வந்தது. பின்னால் பலகை, அதன் இரண்டு பக்கமும் பால் தோம்பு. காட்டுப் பாதையில் மிதித்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்தெடுக்க வேண்டும். வழியில் சிந்தினால் அது அவர் கணக்கு. என் சைக்கிள் பத்துக் கிலோகூட இல்லை. நான் குளிரைத் தேடிப் போகிறேன், அவர் குளிரில் பிழைத்தார். இந்த எண்ணம் சுங்கை சிப்புட் பட்டணம் வரைக்கும் என்னை விடவில்லை.

பட்டணத்தில் இரண்டு கடைகள் திறந்திருந்தன. நிற்கவில்லை; நின்றால் உடம்பு ஆறிவிடும். கூட்டரசு முதலாம் சாலையில் வடக்கே திரும்பினேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஒட்டிக்கொண்டு போனது. அதன் காற்று என்னை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. சாலாக் தாண்டும்போது கிழக்கே மலை விளிம்பு தெரிய ஆரம்பித்தது. சூரியனைக் காணவில்லை. இந்த மாதத்தில் இங்கே ஏழு இருபதுக்கு மேல்தான் விடிகிறது.

காராய் பக்கம் உள்ளே திரும்பி விக்டோரியா பாலத்துக்குப் போனேன். ஈயத்தை ரயிலில் கொண்டுபோவதற்காக 1897-இல் தொடங்கி 1900-இல் முடித்த இரும்புப் பாலம். இப்போது ரயில்கள் பக்கத்துப் புதுப் பாலத்தில் ஓடுகின்றன. ஓரத்து நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கீழே பேராக் ஆறு இல்லை. வெறும் வெண்மை. நடுப்பாலத்தில் நின்று காது கொடுத்தால் தண்ணீர் தூண்களை உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. பத்து நிமிடம் அப்படியே நின்றேன். வேர்வையில் நனைந்த முதுகு சில்லிட்டு நடுக்கம் எடுத்தது, ஆனாலும் நகர மனம் வரவில்லை. பனி ஓர் இடத்தில் மட்டும் கிழிந்தது. தண்ணீர் தேநீர் நிறத்தில் தெரிந்தது, மறுபடியும் மூடிக்கொண்டது.

அக்கரையில் கம்பத்துச் சாலை, கிராமத்துச் சாலை, வழியாகக் கோலகங்சார். எட்டே கால் இருக்கும். முதலில் பசியாறினேன்: இரண்டு தோசை, ஒரு தே ஹாலியா. இஞ்சிச் சூடு தொண்டையில் இறங்கியதும் விரல்கள் என்னிடம் திரும்பி வந்தன.

அப்புறம் மரம்.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளைக் கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். அவற்றில் ஒன்பது, ஹியூ லோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த இந்த ஊரில் ஊன்றப்பட்டன. அந்த ஒன்பதில் மிச்சம் இது என்று சொல்கிறார்கள். வண்டிகள் போகிற சாலையோரத்தில், தகவல் பலகையோடு நிற்கிறது.

அண்ணாந்து பார்த்தேன். மேகம் இலைகளுக்கு மேலேயே தொங்கியது. இந்தச் செடி இங்கே வேர் பிடிக்காமல் போயிருந்தால், என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருப்பாரா? கங்காணி எங்கள் ஊருக்கு வந்திருப்பாரா? லயமும் பெரட்டும் இந்த ஊர்த் தமிழ்ப்பள்ளியும், நான் எழுதும் இந்தத் தமிழும் இப்படி இருந்திருக்குமா? கோபமா நன்றியா என்று பிரிக்க முடியவில்லை. கண் கலங்கியது. பக்கத்தில் வண்டி நிறுத்திய மலாய்ப் பெரியவர் ஒருவர் என் சைக்கிளையும் முகத்தையும் பார்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "ஜாவு" என்று தலையசைத்தார். தூரம்தான்.

திரும்பும்போது பெரிய சாலையில் இஸ்கந்தர் பாலம் வழியாக வந்தேன். சாலாக் அருகே பின் டயர் இறங்கியது. சின்ன இரும்புக் கம்பி. டியூப் மாற்ற இருபது நிமிடம். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. நெஞ்சிலிருந்த தாள் ஊறிக் கூழாகி, எழுத்தெல்லாம் சட்டையில் ஒட்டிக்கொண்டது. கடைசி 15 கிலோமீட்டர் நனைந்தே வந்தேன். மொத்தம் 63.

11 ஜனவரி, ஞாயிறு

தொடை கல்லாக இருக்கிறது. லேசாகக் காய்ச்சல் மாதிரி. ரசம், தூக்கம்.

13 ஜனவரி, செவ்வாய்

வெயில் வந்துவிட்டது. 31 டிகிரி. குளிர் வந்த சுவடே இல்லை.

கைப்பேசியில் படங்களை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். கிளை, இலை, பலகை, நான், சைக்கிள். முதலுக்குப் போய் மறுபடியும் தள்ளினார்.

"பட்டையக் காணோமே?"

அடிமரத்தை நான் எடுக்கவே இல்லை. மேலேயே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"மரம்னா பட்டைதான்யா" என்றார். மேசைமேல் சுட்டுவிரலை வைத்து, இடப்பக்கம் உயரத்திலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரு கோடு இழுத்தார். பால் நாளங்கள் நேராக ஏறுவதில்லை, கொஞ்சம் சாய்ந்து சுற்றிக்கொண்டு போகும். இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். அம்மாவுக்கு யாரும் காரணம் சொல்லித் தந்ததில்லை. விரல் அதே சாய்வில் போகிறது. "ஆழமா எறங்கினா மரத்துக்குக் காயம். அந்த எடம் ஆறுனாலும் முண்டு முண்டா நிக்கும். வேலைய மேற்பாக்குற தண்டல் விரலால தடவியே கண்டுபிடிச்சிருவாரு. அந்த மரத்த மொதல்ல யாரு வெட்டுனாங்களோ, பட்டையப் பாத்தா கை எப்படின்னு சொல்லிருவேன்."

முப்பது வருடம் மரம் வெட்டியவர். அவரும் அந்தக் கோலகங்சார் மரத்தைப் பார்த்ததில்லை. சைக்கிளைத் துடைக்கும்போதுகூட எனக்கு இது தோன்றவில்லை.

"கார்ல கூட்டிட்டுப் போ. வெள்ளென போவோம், வெயிலுக்கு முந்தி."

பொங்கல் முடிந்து சனிக்கிழமை போகலாம் என்றேன். பழைய மணி ஆறுக்குத் தயாராக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.