ரிலே ‘டிக்’ என்றது, ஃபேன் சுற்றவில்லை

240 ரூபாய். என் காரில் கெட்டுப்போயிருந்த சாமானின் விலை அவ்வளவுதான். ரேடியேட்டர் ஃபேனைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச், தீப்பெட்டியைவிடச் சின்னது. அதுதான் கோளாறு என்று தெரிவதற்குள் 3,200 ரூபாயும் இரண்டு மாதமும் ஒரு கல்யாண முகூர்த்தமும் போயின. இன்னும் வயிறு எரிகிறது.

வீடு கடலூர் ஆல்பேட்டை. வண்டி 2012 மாடல் பெட்ரோல் கார், சின்னது. ரேடியேட்டருக்கும் ஏசிக்கும் சேர்த்து ஒரே ஃபேன்தான். மே மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காக ஜிப்மருக்கு அழைத்துப் போனேன். முள்ளோடை, கன்னியகோயில், தவளக்குப்பம் வரை ஒன்றும் இல்லை. அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கத்தில் நெரிசல். பத்து நிமிடம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். முதலில் ஏசியில் சூடான காற்று வந்தது. ‘வயசான வண்டி, கேஸ் குறைந்திருக்கும்’ என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

ஓரம்கட்ட இடமில்லை. எங்கோ கேள்விப்பட்ட வித்தை ஒன்று நினைவுக்கு வந்தது. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட்டேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் வந்துவிடும், எஞ்சினுக்கு அந்த அளவு பாரம் குறையும். முள் நிஜமாகவே கொஞ்சம் இறங்கியது. அம்மாதான், “ஏன்டா, வெளியில அடிக்கிற வெயில் போதாதா?” என்றார். மரப்பாலம் தாண்டிச் சாலை காலியானதும் முள் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. திரும்பி வரும்போதும் தொந்தரவு இல்லை.

இப்போது யோசித்தால் விடை முழுவதும் அன்றைக்கே என் முன்னால் இருந்திருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேன் தேவைப்படாது. நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. ஓடினால் சரியாக இருந்து, நின்றால் மட்டும் சூடேறுகிறது, கூடவே ஏசியும் நின்ற இடத்தில் சூடாக ஊதுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேனைத்தான். எனக்கு அன்று அது உறைக்கவில்லை. எனக்குப் பரவாயில்லை, நான் மெக்கானிக் இல்லை.

மறுநாள் வழக்கமாகக் காட்டும் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்து ஓடவிட்டார். ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. “ஃபேன் சூப்பரா ஓடுது சார். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் வெள்ளத்துல வண்டி நின்னுச்சு இல்ல, அதான்” என்றார். பெண்ணையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது உண்மை. சக்கரத்தில் பாதி வரை நின்றது. அதற்கும் ரேடியேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரேடியேட்டரைக் கழுவி, புதுக் கூலன்ட் ஊற்றி 1,650 வாங்கிக்கொண்டார்.

எட்டாவது நாள் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் மறுபடி முள் ஏறியது. மறுபடி அவரிடமே போனேன். போய்ச் சேரும்போது ஃபேன் மறுபடி ஒழுங்காகச் சுற்றியது. பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலில் காலை வைத்ததும் வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான். இந்த முறை தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? வேஸ்ட்” என்றார். இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எஞ்சின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வரத்தான் அந்த வால்வு. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறாமலேயே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். எனக்கு அப்படியே நடந்தது. ஓடும்போது முள் கீழேயே படுத்துக் கிடந்தது, நெரிசலில் வழக்கம்போல ஏறியது. செலவு 850.

அடுத்து, பாண்டி ரோட்டில் கொஞ்சம் பெரிய பட்டறை. பெயர் வேண்டாம். அங்கே நல்ல நேரமோ கெட்ட நேரமோ, ஃபேன் சுற்றாத சமயத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்த உடனே, “ஃபேன் மோட்டார் போச்சு சார். முழு செட்டா மாத்தணும், 6,200 ஆகும், வர நாலு நாள் ஆகும்” என்றார்கள். கரன்ட் வருகிறதா என்று பார்க்கக் கையில் ஒரு மீட்டர் இல்லை, ஒரு பல்பு இல்லை. பார்வையாலேயே தீர்ப்பு. நான் தயங்கியதும், “அதுவரைக்கும் டைரக்ட் போட்டுத் தர்றோம்” என்றார்கள்.

டைரக்ட் என்றால் தெரியும்தானே? பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை நேராக ஃபேனுக்கு இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டில் ஓட்டை போட்டு அதைச் சொருகினார்கள். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் விமானம் மாதிரி கத்திக்கொண்டு சுற்றியது. மோட்டார் போய்விட்டது என்று சொன்னவர்கள் அதே மோட்டாரைச் சுற்ற வைத்துக் காட்டி 700 ரூபாய் வாங்கினார்கள். நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று என் மூளை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

நாலாம் நாள் ராத்திரி சுவிட்சை அணைக்க மறந்து தூங்கிவிட்டேன். விடியற்காலை நாலரைக்குச் சிதம்பரத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். பேட்டரி சுத்தமாகச் செத்துக் கிடந்தது. டேஷ்போர்டில் பிளாஸ்டிக் கருகிய வாடை வேறு. பத்து ஆம்பியர் வரை போகிற வழியில் வீட்டு பல்புக்குப் போடுகிற மாதிரி ஒரு சுவிட்சை வைத்தால், அதுவும் நடுவில் ஒரு ஃப்யூஸ்கூட இல்லாமல் வைத்தால், வண்டி தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். பஸ் பிடித்து நாங்கள் மண்டபம் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது.

பேட்டரிக்குச் சார்ஜ் போட வந்த பையன்தான் வழி காட்டினான். “சார், இது மெக்கானிக் வேலை இல்ல, எலக்ட்ரீசியன் வேலை. திருப்பாப்புலியூர்ல பாய்கிட்ட காட்டுங்க” என்றான்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடை என்று சொல்ல முடியாது, ஒரு ஷெட். நான் கதையை ஆரம்பித்ததும், “தம்பி, நின்னா சூடு, ஓடினா சரி. அவ்வளவுதானே? சாவியைப் போடுங்க” என்றார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. முதலில் அந்த டைரக்ட் ஒயரைப் பிடுங்கினார். பிறகு கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினார். என்னுடையதைப் போன்ற நிறைய வண்டிகளில் சென்சார் கழன்றுவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியின் கம்ப்யூட்டரே ஃபேனைப் போட்டுவிடுமாம். பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஃபேன் அசையவில்லை.

“ரிலே வேலை செய்யுதே பாய், சத்தம் வருதே” என்றேன், எனக்கும் ஏதோ தெரியும் என்று காட்டிக்கொள்ள.

“சத்தம் காயிலோடது. கரன்ட் போறது பாயின்ட்ல. தாலாட்டு பாடினா குழந்தை தூங்கிடுச்சுன்னு அர்த்தமா?”

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் போல ஏமாந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரிலேவில் நாலு பின். 85, 86 என்று எண் போட்ட இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு. 30-க்குப் பேட்டரியிலிருந்து கரன்ட் வரும், 87 வழியாக ஃபேனுக்குப் போகும். காயிலுக்குக் கொஞ்சம் கரன்ட் கிடைத்தால் அது காந்தமாகி ஒரு சின்னத் தகட்டை இழுக்கும். தகடு 30-ஐயும் 87-ஐயும் சேர்க்கும். அந்த இழுப்பில் வருவதுதான் ‘டிக்’. தகடு போய் ஒட்டுகிற இடம்தான் பாயின்ட். அது கருகிப்போயிருந்தால் சத்தம் வரும், கரன்ட் போகாது. அல்லது ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. மெக்கானிக்கிடம் போகும்போதெல்லாம் ஃபேன் சுற்றிய மர்மம் இதுதான்.

பாய் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் ரிலே தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதோடு விடவில்லை. ரிலேவைப் பிடுங்கிவிட்டு, நடுவில் ஃப்யூஸ் வைத்த ஒரு துண்டு ஒயரால் 30, 87 இருக்கும் ஓட்டைகளை இணைத்தார். ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. மோட்டார், பெரிய ஃப்யூஸ், எர்த் எல்லாம் நல்லபடி என்று அந்த ஒரு ஒயரே சொல்லிவிட்டது. அப்புறம் ஒயரைக் கவ்விக் கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தார். ஒன்பது ஆம்பியர் சொச்சம். மோட்டார் இறுகிப்போய் அதிகக் கரன்ட் இழுத்தால் புது ரிலேவும் கொஞ்ச நாளில் கருகும், அதனால் இதைப் பார்க்காமல் ரிலே மாற்றக்கூடாது என்றார். கடைசியாக ரிலே மூடியை நெம்பிக் காட்டினார். உள்ளே பாயின்ட் கரிக்கட்டை.

பத்தே நிமிடம். 6,200 ரூபாய் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். ரிலே வாங்குவது தனிக் கூத்தாகிவிட்டது. முதல் கடையில் ஐந்து பின் கொடுத்தார்கள். நடுப் பின் நுழைய இடமே இல்லை. இரண்டாவது கடையில் நாலு பின்தான், ஆனால் உருவம் பெரிது. மூன்றாவது கடையில் அளவு சரி, பின்கள் இருக்கும் வரிசை வேறு. கடைக்காரர், “கொஞ்சம் வளைச்சு அழுத்துங்க, போயிடும்” என்றார். பழைய ரிலேவைக் கையில் கொண்டுபோனதால் தப்பித்தேன். அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு படம் வரைந்திருக்கும், எந்தப் பின் எதற்கு என்று. ஆம்பியரும் போட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். படத்தில் டயோடு (கரன்ட்டை ஒரே பக்கம் மட்டும் விடும் சாமான்) குறி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், காயிலுக்கு பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

பாண்டியில் கிடைக்கும் என்று பாய் சொன்னார். அதுவரை என்ன செய்வது? ஃப்யூஸ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் இருந்த படத்தைப் பார்த்து ஹாரன் ரிலேவைப் பிடுங்கினார். இரண்டும் ஒரே நம்பர். அதை ஃபேன் இடத்தில் போட்டு, கருகியதைத் துடைத்து ஹாரன் இடத்தில் போட்டார். ஃபேன் ஜோராக ஓடியது. ஹாரனுக்கு இழுப்பு கம்மி, சமாளிக்கும் என்று எதிர்பார்த்தோம்.

சமாளிக்கவில்லை. பாண்டிக்குக் கிளம்பினேன். பாலம் தாண்டும்வரை ஹாரன் அடித்தது. கிருமாம்பாக்கத்தில் விக்கியது. தவளக்குப்பத்தில் என் முன்னால் நின்ற ஒரு தனியார் பஸ் திடீரென்று ரிவர்ஸில் வர, நான் ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்துகிறேன், ‘டிக்’, ‘டிக்’ என்கிறது. தலையை வெளியே நீட்டித் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஜாண் இடைவெளியில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, “ஹாரன் அடிக்க மாட்டீங்களா சார்?” என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இந்த மாற்றிப் போடும் வித்தை சோதனைக்கு மிக நல்லது. ஆனால் அதோடு பாண்டி ரோட்டில் இறங்காதீர்கள்.

பாண்டியில் முதல் கடையிலேயே அதே நம்பர், அதே படம் போட்ட ரிலே கிடைத்தது. இரண்டு வாங்கினேன்.

மாட்டும்போதும் ஒரு சின்ன சிக்கல். ஃப்யூஸ் பாக்ஸில் 30-ஆம் பின் போய் உட்காரும் பித்தளைக் கவ்வி சூட்டில் பழுப்பேறித் தளர்ந்திருந்தது. பக்கத்துக் கவ்விகளில் லேசாகப் பச்சைக் களிம்பு. “கடல் காத்து தம்பி, அதுக்கு வெள்ளமே வேணாம்” என்றார் பாய். தளர்ந்த கவ்வியை அப்படியே விட்டிருந்தால் புது ரிலேவும் அங்கே சூடேறிக் கருகியிருக்கும். அதை மாற்றினார், மற்றதைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், சென்சார் கனெக்டரைத் திரும்ப மாட்டினார். 300 கேட்டார். கூடுதலாக நூறு நீட்டினேன், டீ மட்டும் போதும் என்றார்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வாங்க முதல் மெக்கானிக்கிடம் போனேன். பழைய இரும்போடு போட்டுவிட்டாராம். புதிது வாங்கி மாட்ட 900 ஆயிற்று. மாட்டியவரும் அவரேதான், வேறு யாரிடம் போக? “நான்தான் அப்பவே எலக்ட்ரிக்கலா இருக்கும்னு நினைச்சேன் சார்” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் அம்மாவை மறுபடி ஜிப்மர் அழைத்துப் போனேன். அதே முருங்கப்பாக்கம், அதே நெரிசல். ஏசி ஓடுகிறது, முள் பாதியில் அசையாமல் நிற்கிறது, முன்னால் ஃபேன் போட்டு அணைகிற சத்தம் கேட்கிறது. இரண்டாவது ரிலே டேஷ்போர்டு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்த டைரக்ட் சுவிட்ச் இருந்த ஓட்டையை மூட ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அம்மா அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.