மேலே சிவப்பு, கீழே ஆரஞ்சு

வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தத்தில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முந்தின வாரம் காட்பாடியில் என்னைப் போல ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தூக்கம் கிடையாது. அக்னி நட்சத்திரம் வேறு. கடை ஏசி ஓடினாலும் மெஷின் பக்கம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

போன வருஷம் அந்த வாரத்தில்தான் ஃப்ளெக்ஸில் படம் அடிக்கும் என் ஆறடி ஈகோ சால்வென்ட் இங்க் மெஷின் படுத்தியது. குடியாத்தத்து அண்ணன் ஒருவருக்கு 10 அடி உயரம், 6 அடி அகலத்தில் அம்மன் பேனர். நெற்றிக் குங்குமம் வரைக்கும் பளிச்சென்று வந்தது. கழுத்துக்குக் கீழே பட்டுப்புடவை செங்கல் நிறமானது, பாதத்துக்கு வந்தபோது ஆரஞ்சு. நடுவில் முடி கனத்துக்கு வெள்ளைக் கோடுகள்.

“இன்னா தம்பி, அம்மன் மேல கோடு கோடா கீது? நாளைக்கு ஊரே பாக்கும்பா” என்றார் அண்ணன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

கோடு என்றதும் எல்லோரும் போடுவதைத்தான் நானும் போட்டேன்: நாசில் செக், அதாவது இங்க் வரும் துளைகளில் எதுவும் அடைத்திருக்கிறதா என்று கோடு போட்டுப் பார்ப்பது. இங்க் தெளிக்கும் எங்கள் ஹெட்டில் 8 வரிசை, வரிசைக்கு 180 நாசில், ஒரு கலருக்கு 2 வரிசை. ஒவ்வொரு கலரிலும் 360 கோடும் உடையாமல் வந்தது. அப்படியானால் ஃப்ளெக்ஸ் நகரும் ஃபீட்தான் தப்பு என்று, ஒவ்வொரு தடவையும் அது நகரும் அளவான ஸ்டெப்பை மாற்றினேன். ஃப்ளெக்ஸ் கூடுதலாக நகர்ந்தால் வெள்ளைக் கோடு விழும், குறைவாக நகர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கருங்கோடு விழும். மாற்றியதில் வெள்ளைக் கோடு போய்க் கருங்கோடு வந்ததுதான் மிச்சம். பழையபடியே வைத்தேன். ஃபீட் தப்பாக இருந்தால் எல்லாக் கலரிலும் தெரியவேண்டும், இங்கே சிவப்புக்கு வேண்டிய மெஜந்தா இங்க் மட்டும்தான் மெலிகிறது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

அடுத்தது ஹெட் கிளீனிங், அதுவும் ஸ்ட்ராங். செய்ததும் ஒரு அடி அருமையாக வரும், பிறகு மறுபடி வெளுக்கும். மூன்று முறை செய்தேன். வேஸ்ட் பாட்டிலில் இங்க் ஏறியதுதான் பலன். போன் செய்தால் சர்வீஸ்காரர், பார்க்காமலே, “ஹெட் போச்சு சார், புதுசு போடுங்க” என்றார். ஒரு ஹெட் விலையில் என் மகளுக்கு ஒரு வருஷ ஸ்கூல் ஃபீஸ் கட்டலாம்.

ராத்திரி பதினோரு மணிக்கு, கடைப் பையன்தான் கேட்டான்: “ண்ணா, கிளீனிங் பண்ணா மட்டும் நல்லா வருதே, ஏன்?”

அந்தக் கேள்விதான் பிடி கொடுத்தது. நாசில் செக்குக்குத் துளி இங்க் போதும். பட்டுப்புடவை முழுச்சிவப்பு, குடம் குடமாகக் கேட்கும். கிளீனிங் பம்ப் உறிஞ்சும்போது ஹெட்டுக்கு மேலே இருக்கும் டேம்பர் என்ற சின்ன இங்க் டப்பா நிறைகிறது, அந்த இங்க் தீரும்வரை நன்றாக வருகிறது, பிறகு பட்டினி. சோதிக்க மெஜந்தா மட்டும் 100 சதவீதத்தில் 1 அடி அகலத்துக்கு 3 அடி நீளப் பட்டை அடித்தேன். முதல் அடி ரோஜாப்பூ, மூன்றாம் அடி பஞ்சுமிட்டாய்.

டார்ச் அடித்து மெஜந்தா டியூபைப் பார்த்தால், டேம்பருக்குச் சற்றுக் கீழே விரல் நீளத்துக்கு இங்க்கே இல்லை. வெறும் காற்று. டியூபையும் டேம்பரையும் சேர்க்கும் நட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஓரிங் என்ற ரப்பர் வளையம், அப்பளத்தின் ஓரம் போல ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. சித்திரை மாதம் நான்தான் டேம்பர் மாற்றினேன். கையால் திருகவேண்டிய நட்டைக் கட்டிங் பிளேயர் போட்டு இறுக்கியதும் நான்தான். அந்த வழியாகக் காற்று புகுந்து, ராத்திரி மெஷின் நிற்கும்போது இங்க் பாட்டில் பக்கமே இறங்கிப்போயிருக்கிறது. இதைப் பையனிடம் சொல்லவில்லை. அவன் அன்றே யூகித்திருப்பான்.

பெட்டியில் கிடந்த புது ஓரிங்கைப் போட்டு, டேம்பரில் சிரிஞ்சை வைத்து மெதுவாக இழுத்தேன். முதலில் நுரை, பிறகு குமிழி, ஐந்து மில்லி தாண்டியதும் கெட்டியான மெஜந்தா. எப்போதும் இழுக்கத்தான் வேண்டும். ஹெட் பக்கம் சிரிஞ்சால் அழுத்தித் தள்ளினால் சர்வீஸ்காரர் சொன்னது நிஜமாகிவிடும். மறுபடி அந்தப் பட்டை. மூன்றடியும் ஒரே சிவப்பு. அவசரம் இருந்தும், ஒரே இடத்தில் ஹெட் ஓடும் தடவையை, அதாவது பாஸை, 6-லிருந்து 8 ஆக்கி மெதுவாகத்தான் ஓட்டினேன். விடிகாலை நாலரைக்குப் பேனர் ரெடி.

கெட்டுப்போன ஃப்ளெக்ஸை எப்போதும் எதிரே உள்ள டிபன் கடை அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன், கூரைக்கு ஆகும். அந்த ஆரஞ்சு அம்மனை மட்டும் வெட்டவும் மாட்டேன், தரையில் போடவும் விடமாட்டேன் என்று பையன் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறான். இன்னும் அங்கேதான் இருக்கிறது.