டாலர் குறிக்கு முன்னால்

மார்ச் 3
தூக்கம் வரவில்லை. அண்ணனின் மடிக்கணினியைத் திறந்தேன். கமாண்ட் அடிக்கும் டெர்மினலில், டாலர் குறிக்கு முன்னால் தானாக வரும் ப்ராம்ப்டில் அவன் பெயர், கணினியின் பெயர், அப்புறம் எட்டு அடுக்குக்கு ஃபோல்டர் பாதை. நான் கமாண்ட் அடிக்க மிஞ்சியது கால் வரி. எப்படித்தான் இதில் வேலை பார்த்தானோ.

மார்ச் 4
ப்ராம்ப்டில் என்ன வரவேண்டும் என்பதெல்லாம் பிஎஸ்1 என்ற ஒரே மாறியில் இருக்கிறது. பேக்ஸ்லாஷை அடுத்து சின்ன டபிள்யூ என்றால் முழுப் பாதை, பெரிய டபிள்யூ என்றால் கடைசி ஃபோல்டர் மட்டும். பெரியதை வைத்தேன். ஒரு மணி நேரம் நிம்மதி. ஒரே பெயரில் அவன் நாலு ஃபோல்டர் வைத்திருக்கிறான், எதற்குள் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. பழையபடி சின்னதுக்கே வந்து, பாதையைச் சுருக்கும் மாறிக்கு 2 கொடுத்தேன். இப்போது கடைசி இரண்டு அடுக்கு, அதற்கு முன்னால் மூன்று புள்ளி. போதும்.

அவன் பெயரைக் காட்டும் பேக்ஸ்லாஷ் யூவையும் எடுத்துவிடலாம். இதில் உட்காருவது இப்போது நான் மட்டும்தானே.

எடுக்கவில்லை.

மார்ச் 5
போன் வரவில்லை.

மார்ச் 6
நேரம் சேர்த்தேன், பேக்ஸ்லாஷ் சின்ன டீ. 21:14:07 என்று வந்தது. வெகுநேரம் கழித்துப் பார்த்தாலும் அதே 21:14:07. ப்ராம்ப்டை வரைந்த நொடி அது, கடிகாரம் இல்லை. என்டர் தட்டினால்தான் அடுத்த வரியில் புது நேரம். தட்டிக்கொண்டே இருந்தேன். திரை முழுக்க அவன் பெயர்.

மார்ச் 7
பச்சை வண்ணம் கொடுத்ததும் வினை. நீளமான கமாண்ட் அடித்தால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தலையில் வந்து ஏறுகிறது. மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கமாண்டின் வால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பச்சையைத் தொடங்க 5 எழுத்து, முடிக்க 4. கண்ணுக்குத் தெரியாத இந்த 9 எழுத்தையும், கமாண்டை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற நிரல், இடம் பிடிப்பதாகக் கணக்கு வைக்கிறது. பேக்ஸ்லாஷோடு சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ளே இருப்பது தெரியாத சங்கதி என்று சொல்லிவிட வேண்டும். இதற்கு ஒரு மதியம் போனது. நல்லதுதான், மதியம்தான் தள்ளவே முடியாதது.

மார்ச் 8
கடைசிக் கமாண்டின் முடிவு எண்ணையும் ப்ராம்ப்டில் போட்டேன். 0 என்றால் ஒழுங்காக முடிந்தது. 127 என்றால் அப்படி ஒரு கமாண்டே இல்லை. கன்ட்ரோல் சி போட்டு நிறுத்தினால் 130. ஆனால் நான் என்ன தப்பு செய்தாலும் 0 என்றே காட்டியது. இல்லாத கமாண்ட், 0. இல்லாத ஃபோல்டர், 0.

இரட்டை மேற்கோளில் எழுதியிருக்கிறேன். பிஎஸ்1-க்குக் கொடுத்த அந்த நொடியின் எண் அப்படியே உறைந்துவிட்டது. ஒற்றை மேற்கோளில் எழுதினால்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும்.

அண்ணி பேசினார். பரவாயில்லை என்றார். நேற்றும் அதையேதான் சொன்னார்.

மார்ச் 9
127. 127. 0.

மார்ச் 11
அவனுடைய பழைய பிஎஸ்1 வரியை அழிக்கவில்லை, பாஷ் அதைப் படிக்காமல் தாண்டிப் போக முன்னால் ஹேஷ் போட்டு வைத்திருக்கிறேன். வந்ததும் பச்சையைப் பார்த்துத் திட்டுவான். புராஜெக்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் எந்தக் கிளையில் நிற்கிறேன் என்ற பெயரையும் சேர்க்கலாம், ஆனால் இன்னும் பதியாத மாற்றங்களையும் சேர்த்துக் காட்டச் சொன்னால் பெரிய புராஜெக்டில் ஒவ்வொரு என்டருக்கும் கொஞ்சம் தயங்கும். அது அவனுக்கு ஆகாது. பெயரை மட்டும் போட்டுப் பார்க்கிறேன், நாளைக்கு.