லாக் சொல்வதும் சொல்லாததும்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் வாரம் நான் சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலைக் கொடுப்பதில்லை. சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் ஆக்சஸ் லாகைத் திறந்து, உட்கார்ந்து படிக்கச் சொல்வேன். பெங்களூரில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் கோவில்பட்டி, தர்மபுரி, ஓசூர் என்று நம்மூர்ப் பிள்ளைகள் நிறைய. கல்லூரியிலேயே அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருளை நிறுவிப் பழகியிருப்பார்கள். கான்ஃபிக்குக்கு மாதிரிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அதில் எந்த வரி நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதை லாக் படித்தவரால்தான் முடிவு செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

படிக்க ஆரம்பித்ததும் கேள்வி வரும். "அண்ணா, நம்ம சைட்ல வேர்ட்பிரஸ்ஸே கிடையாது. அப்புறம் யாரு வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தை இத்தனை வாட்டி கேக்குறா?" வேர்ட்பிரஸ் என்பது தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் மென்பொருள். நம்மைக் குறிவைத்து யாரும் வரவில்லை. இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அவற்றை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. புதிய சர்வருக்குப் பொது முகவரி கிடைத்ததுமே தட்டல் தொடங்கிவிடும். டேட்டாபேஸை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் இருக்கிறதா, ரகசிய அமைப்புகளை வைக்கும் டாட் என்வ் (.env) ஃபைல் கிடைக்குமா, நிரலின் வரலாறு இருக்கும் டாட் கிட் (.git) ஃபோல்டர் திறந்திருக்கிறதா என்று கேட்பார்கள். 404, அதாவது அப்படி எதுவும் இல்லை என்று பதில் போயிருந்தால் கவலையில்லை. 200, அதாவது கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று இருந்தால் அந்த நிமிடமே எழுந்திருக்க வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் டாட் என்வில்தான் இருக்கும். ஃபைலை மறைப்பது மட்டும் போதாது. ஒருமுறை வெளியே போன பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும்.

இதைத் தடுக்க, புள்ளியில் தொடங்கும் எந்தப் பாதையும் கிடையாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது, வழக்கமான முறையில், டாட் வெல்நோன் என்ற பாதையில்தான் வந்து சரிபார்க்கும். அதுவும் புள்ளியில் தொடங்குவதுதான். அதற்கு விலக்கு வைக்காவிட்டால் 90 நாள் சான்றிதழ் ஒருநாள் காலாவதியாகி நிற்கும். மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டும் பிள்ளைகளிடம் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

லாகில் இருக்கும் முகவரியே பொய்யாகவும் இருக்கலாம். சர்வருக்கு முன்னால், வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர் இருந்தால் எல்லா வரியிலும் அதன் ஐபிதான் விழும். அந்த நிலையில் ஒருவரைத் தடுத்தால் ஊரையே தடுத்ததாகிவிடும். உண்மையான முகவரி, கோரிக்கையோடு சேர்ந்து வரும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடர் குறிப்பில் வரும். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் தானே எழுதி அனுப்ப முடியும். அதனால் நம்முடைய பேலன்சரிலிருந்து வந்தால் மட்டும் நம்பு என்று என்ஜின்எக்ஸுக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, எத்தனை நாள் வைத்திருப்பது. டெபியன் லினக்ஸில் என்ஜின்எக்ஸ் நிறுவினால், லாகைச் சுழற்றும் லாக்ரொட்டேட் என்ற நிரல் 14 நாள் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாகை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது; தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கச் சொல்கிறது. கடிகாரத்தை தேசியத் தகவலியல் மையமான என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகமான என்பிஎல்லின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பலருக்கு இது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும். ஒரு சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் இன்னொன்று நம் நேரத்திலும் எழுதியிருக்க, ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியும் கழித்தும் நடுராத்திரியில் சம்பவத்தைக் கோத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். லாகை அதே சர்வரில் மட்டும் வைப்பதும் ஆபத்து. உள்ளே புகுந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான். உடனுக்குடன் வேறொரு மெஷினுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, லாகில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள் என்றும் சொல்லியாக வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை அப்படிப்பட்டது. 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஓட்டை, பழைய 0.9.8 ஓடிய சர்வர்கள் தப்பின. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்ட்பீட் செய்தியில் உள்ள நீளத்தைச் சரிபார்க்காமலே சர்வர் பதில் தரும். கொஞ்சம் அனுப்பிவிட்டு நிறையக் கேட்டால், ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை மெமரியில் இருப்பது அப்படியே போகும். இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் அடுக்கிலேயே எல்லாம் முடிந்துவிடுவதால் ஆக்சஸ் லாகில் ஒரு வரிகூட விழாது. இரண்டு வருடமாக இருந்த ஓட்டை. யார் எடுத்தார்கள், எதை எடுத்தார்கள் என்று லாகைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

அந்த வாரம் அலுவலகத்தில் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த திங்கள் சித்திரை முதல் நாள். வெள்ளி இரவு மடிவாளாவிலிருந்து கிளம்பும் பஸ்களில் எங்களில் பாதிப் பேர் டிக்கெட் போட்டிருந்தோம். யாரும் போகவில்லை. வருத்தமும் இல்லை, அந்த சர்வர்களில் ஜனங்களின் பாஸ்வேர்ட் இருந்தது. சான்றிதழுக்குரிய ரகசியச் சாவியான பிரைவேட் கீயை இந்த ஓட்டை வழியே எடுக்க முடியுமா என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேர் ஓட்டையுள்ள சர்வர் ஒன்றைப் பொதுவில் வைத்து சவால் விட்டது. சில மணி நேரத்திலேயே கீயை எடுத்துக் காட்டிவிட்டார்கள். அதன் பிறகு விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இப்படியொரு ஓட்டை வந்தால் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், ஓட்டையை அடைத்த 1.0.1ஜிக்கோ, நம் லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் கொடுத்த திருத்தத்துக்கோ அன்று மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழைய லைப்ரரியை மெமரியில் வைத்தபடியே இருக்கும். எந்த ஃபைல்கள் பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் அழிக்கப்பட்ட ஃபைல் என்ற குறிப்போடு அது தெரியும். அப்பாச்சியோடு மெயில், விபிஎன் என்று அந்த லைப்ரரியைத் தொடும் ஒவ்வொன்றையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் புது கீ, புது சான்றிதழ், பழையதை ரத்து செய்வது, கடைசியாகப் பயனர்களின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வது. ரீஸ்டார்டுக்கு முன்னால் புது கீ போட்டால் அந்தக் கீயும் அதே ஓட்டை வழியே போய்விடும்.