78 பாகைக் கோட்டில் ஒரு மனைப்பிரிவு

ஏரல் பக்கம் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை ஓடுகிறது. ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரியாததால் ஒரு குறையும் இல்லை. வாழைத்தார் வெட்டுகிறவருக்கும் ஆத்தூர் வெற்றிலை வாங்குகிறவருக்கும் அந்தக் கோட்டால் என்ன வந்தது? வம்பெல்லாம் எங்களைப் போல வரைபட மென்பொருளை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குத்தான்.

உலகத்தை 60 துண்டாக, துண்டுக்கு 6 பாகையாக அறுத்துக் கணக்கு வைத்திருக்கும் யு.டி.எம். முறையில் 43ஆம் மண்டலம் இந்தக் கோட்டோடு முடிகிறது. 44 இங்கே தொடங்குகிறது. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று சமர்த்தாக 43இலேயே வந்துவிட்டு, புன்னைக்காயலில் கடல் சேரப்போகும் நேரத்தில் 44க்கு மாறிவிடுகிறது. கோட்டின்மேல் நிற்கும் ஒரு பனைக்கு 43இன் கணக்கில் கிழக்குத் தூரம் சுமார் 8,30,000 மீட்டர். 44இன் கணக்கில் சுமார் 1,70,000 மீட்டர். மண்டலம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அளக்கிறது. பனை என்னவோ நட்ட இடத்திலேயேதான் நிற்கிறது.

இந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே, ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், மனைப்பிரிவு போட நிலம் வாங்கியிருந்தார் ஓர் அண்ணாச்சி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேட்கிறார்கள். "வெள்ளம் வராது என்று கணினியில் ஒரு படம் போட்டுக் கொடுங்கள் தம்பி" என்று அண்ணாச்சி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வருமா வராதா என்று பார்த்துச் சொல்கிறோம் என்றேன்.

"நன்றாகப் பாருங்கள். வராது."

நிலத்தை அளந்த சர்வேயர் கோப்பை வாட்ஸப்பில் அனுப்பினார். வரைபட மென்பொருளுக்கு நிலத்தைக் கொடுக்கும் ஷேப் கோப்பு என்பது பேருக்குத்தான் ஒரு கோப்பு. உண்மையில் அது ஒரு கூட்டுக் குடும்பம். எல்லை ஒன்றில், பட்டியல் ஒன்றில், எந்த மண்டலத்துக் கணக்கு என்ற விவரம் பி.ஆர்.ஜே. என்ற குட்டிக் கோப்பில். வந்தது ஒன்றுதான். மற்றவை எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் பொடிப்பொடியாக இருந்தன சார், பெரியதாகப் பார்த்து அனுப்பினேன்" என்கிறார். கெஞ்சியதில் இன்னும் இரண்டு வந்தன. பி.ஆர்.ஜே. வரவில்லை. அதில் இருப்பது சில நூறு எழுத்துகள். அது இல்லாவிட்டால் நிலத்துக்கு ஊரே கிடையாது.

எங்கள் வரைபட மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ். மரியாதையாக ஒரு கேள்விக்குறியைக் காட்டி, இது எந்த மண்டலம் என்று கேட்டது. எங்கள் அலுவலகத்துத் தம்பி, தூத்துக்குடி மாவட்டம் என்றதும் யோசிக்காமல் 44 என்று கொடுத்தான். நிலம் அப்படியே 6 பாகை கிழக்கே தாவியது. இலங்கையைக் கடந்து, திருகோணமலையையும் விட்டு, வங்காள விரிகுடாவில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அண்ணே, மனை முழுவதும் கடலுக்குள் இருக்கிறது. வெள்ள அபாயம் உண்டு என்று அறிக்கையை முடித்துவிடலாமா?"

சர்வேயருக்குச் செய்தி போனது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மண்டலமே வேண்டாம், அட்சரேகை தீர்க்கரேகையாகவே தருகிறேன் என்று எக்செல் பட்டியல் ஒன்றை அனுப்பினார். அதில் எக்ஸ் என்ற தலைப்பின் கீழ் 8.6, ஒய் என்ற தலைப்பின் கீழ் 77.9. மென்பொருள் சொன்னதைச் செய்யும் பிள்ளை. நிலத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் வைத்தது. அங்கே மனை போட்டால் வேலிக்கு வெளியே துருவக்கரடி நிற்கும். தலைப்பை இடம் மாற்றியதும் நிலம் ஏரலுக்குத் திரும்பியது. சதுர அடிகூடக் குறையவில்லை.

அடுத்தது ஆற்றில் தண்ணீர் விடும் வேலை. ஹெக்-ராஸ் என்ற இலவச மென்பொருள். அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் உருவாக்கியது. தரையின் உயரத்தையும் ஆற்றில் வரும் நீரின் அளவையும் கொடுத்தால், தண்ணீர் எதுவரை ஏறும் என்று நீல நிறத்தில் காட்டும். தரைக்கு எஸ்.ஆர்.டி.எம். என்ற தரை உயரப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரம் முழு மீட்டரில். கடலுக்கு இவ்வளவு அருகில், ஒரு மீட்டர் ஏற்ற இறக்கத்தில் ஊரே முழுகவோ பிழைக்கவோ செய்யும் இடத்தில், முழு மீட்டர் கணக்கு!

முதல் ஓட்டத்தில் சுற்றுவட்டாரம் எல்லாம் நீலமாக, அண்ணாச்சி நிலம் மட்டும் தீவு போல நின்றது. அந்த நேரம் பார்த்து அவரும் வந்து சேர்ந்தார். "வானத்திலிருந்து பார்த்தவன் பொய் சொல்லுவானா?" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்து முடித்தபிறகுதான், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன்.

"தென்னந்தோப்பு தம்பி. நல்ல காய்ப்பு. மனைக்காகத்தான் வெட்டினோம்."

ரேடார் தோப்புக்குள் தரைவரை இறங்குவதில்லை. ஓலைக்கும் மண்ணுக்கும் நடுவில் எங்கோ ஓர் உயரத்தைக் குறித்துக்கொண்டு போய்விடும். தென்னை விறகாகிவிட்டது. அதன் உயரம் மட்டும் கோப்பில் நின்று அண்ணாச்சிக்குக் காவல் காத்தது. சர்வேயர் நிலத்தில் எடுத்த மட்டங்களைச் சேர்த்ததும் தீவு முங்கிவிட்டது. டீக்குக் காசு நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

இதற்கிடையில் தம்பி ஒரு குளத்தையே தொலைத்துவிட்டான். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிடுவதற்கு முன், தரைப்படத்தில் உள்ள பள்ளங்களை நிரப்பவேண்டும் என்பது பாடப்புத்தக விதி. நீர் வழிந்து ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எங்காவது தேங்கினால் அது படத்தின் பிழை என்று அந்தக் கருவி எடுத்துக்கொள்ளும். வேறு நாட்டில் அது சரியாக இருக்கலாம். மழைக்காலத்துத் தண்ணீரைக் கரை கட்டித் தேக்கி, மடை திறந்து விவசாயம் பார்க்கிற இந்தச் சீமையில் பிழை என்பது நூற்றுக்கணக்கில் இருக்கிறது. கடம்பாகுளம் இருந்த இடம் வழவழவென்று மேடாகக் கிடந்தது.

"தூர் வாரவேண்டிய குளத்தைத் தூர்த்துவிட்டது அண்ணே!"

ஒரு குளத்தை மேடாக்கிப் பட்டா வாங்க ஊரில் ஆட்கள் ஒரு தலைமுறைக் காலம் பாடுபடுகிறார்கள். இங்கே ஒரு சொடுக்கு. இந்தக் கருவி இருப்பது வெளியில் தெரியவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன். குளங்களின் எல்லையை வெட்டியெடுத்து, அவற்றை விட்டுவிட்டு மற்றப் பள்ளங்களை மட்டும் நிரப்பச் சொன்னோம்.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஏரல் கடைவீதிக்குப் போனோம். ஒரு மளிகைக் கடைச் சுவரில், சுவிட்ச் போர்டுக்கு மேலே, 2023 வெள்ளம் நின்ற தடம் காவிக்கோடாக இன்னும் இருந்தது. சுண்ணாம்பு அடித்தும் மேலே ஊறிவந்துவிட்டது என்றார் கடைக்காரர். தம்பி டேப்பை வைத்து அளந்தான். எங்கள் கணக்குக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒரு சாண் வித்தியாசம். இந்தத் தொழிலில் ஒரு சாண் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளவேண்டும்.

இறுதிப் படத்தில் அண்ணாச்சி நிலத்தின் ஆற்றுப்பக்கம் பாதிக்கு மேல் நீலம். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்த நீலத்துக்குப் பதிலாக இளம்பச்சை போடலாமா தம்பி? கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்."

"பச்சை போட்டாலும் தண்ணீர் தண்ணீர்தான் அண்ணாச்சி."

"சரி, பூங்காவுக்கு எப்படியும் பத்து சதவீதம் விடவேண்டுமே. அதை இந்தப் பக்கம் தள்ளிவிட்டால்?"

மனைப்பிரிவுகளில் பூங்கா எப்போதும் பள்ளத்தில் இருப்பதன் ரகசியம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பத்து சதவீதத்தில் இந்த நீலம் அடங்காது என்று கணக்கைக் காட்டினேன். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, யோசிக்கிறேன் என்று போனார். மறுநாள் காலை போன் வந்தது.

"படம் அப்படியே இருக்கட்டும் தம்பி. கீழே மட்டும், 2023 மாதிரி இனி வராது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்களேன்."

"அந்த உத்தரவாதம் ஹெக்-ராஸில் கிடையாது அண்ணாச்சி. ஏரல் கோயிலில் இருக்கும் சேர்மன் சாமியிடம்தான் கேட்கவேண்டும்."

"அவரிடம் போன அமாவாசைக்கே கேட்டுவிட்டேன். எழுத்தில் தரமாட்டேன் என்கிறாரே!"