கோபுரத்துக் கைதி: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 19

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து என்றால் எல்லோரும் மன்னராட்சியை வீழ்த்திய கிராம்வெல்லிடம் போய் நிற்பார்கள். நான் அவருக்கு முந்தைய சர் ஜான் எலியட்டிடமே நின்றுவிட்டேன். 1592இல் கார்ன்வால் பகுதியின் செயின்ட் ஜெர்மன்ஸில் பிறந்தவர். 1614இல் எம்.பி. அந்த நாடாளுமன்றம் ஒரு சட்டம்கூட நிறைவேற்றாமல் கலைந்தது. நல்ல சகுனம்தான்!

நவம்பர் 20

டெவன் கடற்கரைக்குத் துணை அட்மிரலாக இருந்தபோது ஜான் நட் என்ற கடற்கொள்ளைக்காரனைப் பிடித்திருக்கிறார். நட்டுக்கு அரசவையில் வேண்டப்பட்டவர் இருந்ததால், பிடித்தவர் சிறைக்குப் போனார். பிடிபட்டவன் மன்னிப்போடு வெளியே வந்தான்.

நவம்பர் 22

அந்தத் துணை அட்மிரல் பதவியே மன்னருக்கு மிக நெருக்கமான பக்கிங்ஹாம் பிரபுவின் தயவில் கிடைத்தது. ஆனால் 1625இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தின் மீது பிரபு ஏற்பாடு செய்த படையெடுப்பு தோற்று, நோயும் பசியுமாக வீரர்கள் பிளிமத்தில் கரையிறங்கினார்கள். அதைக் கண்ணால் பார்த்த எலியட், மறு ஆண்டே அவையில் பிரபுவை, ரோமப் பேரரசர் திபேரியஸின் தயவில் ஆட்டிப்படைத்த செஜானஸோடு ஒப்பிட்டார். ‘அப்படியென்றால் நான் திபேரியஸா?’ என்று மன்னர் சார்லஸ் கொதித்தாராம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை.

நவம்பர் 23

மின்வெட்டு. படிக்கவில்லை.

நவம்பர் 24

1629 மார்ச் 2. இந்த ஒரு நாளை மூன்று முறை படித்தேன். அவையை ஒத்திவைக்க மன்னர் ஆணை. சபாநாயகர் ஃபிஞ்ச் எழப் பார்க்கிறார். உறுப்பினர்கள் ஹோலிஸும் வாலன்டைனும் அவரை நாற்காலியோடு அழுத்திப் பிடிக்கிறார்கள். அவர் அழுகிறார். கதவு பூட்டியாயிற்று, வெளியே அரசதூதர் தட்டிக்கொண்டே இருக்கிறார். தன் தீர்மானங்களை வாசிக்கவிடவில்லை என்ற ஆத்திரத்தில் எலியட் அந்தத் தாளையே தீயில் போட்டுவிடுகிறார்! நல்லவேளை, ஹோலிஸ் மூன்று தீர்மானங்களையும் நினைவிலிருந்தே சொல்ல, அவை ‘ஆம்’ என்று முழங்குகிறது. அவற்றில் இரண்டு: நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் சுங்க வரி வசூலிக்கச் சொல்பவரும், அதைக் கட்டுபவரும் நாட்டின் எதிரிகள். அதன்பின் 11 ஆண்டுகள் நாடாளுமன்றமே கூடவில்லை.

நவம்பர் 26

அந்த மார்ச் நாளுக்காக வழக்கு. எலியட் வாதாடவே இல்லை. அவையில் நடந்ததை அவைதான் விசாரிக்கலாம், நீதிமன்றத்துக்கு அங்கே வேலையில்லை என்றார். 2,000 பவுண்டு அபராதம். லண்டன் கோபுரச் சிறை. அவையில் பேசியதற்காக எந்த உறுப்பினர் மீதும் வழக்குப் போட முடியாது என்று நம் அரசியலமைப்பின் 105ஆம் பிரிவு சொல்கிறதே, அதை எடுத்து இன்று மறுபடி வாசித்தேன்.

நவம்பர் 27

1632இல் இதே தேதியில் இறந்தார், காசநோயில். கடைசி மாதங்களில், உடம்பு தேற வெளியே விடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறார். ‘பணிவு போதாது’ என்று மன்னரிடமிருந்து பதில். குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். உடலையாவது ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று மகன் கேட்டதற்கும், இறந்த இடத்தின் கோயிலிலேயே புதைக்கட்டும் என்று ஒரு வரி.

சிறையில் இருந்தபோது இவருடைய பிள்ளைகள் மீது ஒரு கண் வைத்திருந்தவர் நண்பர் ஜான் ஹாம்டன். நாளையிலிருந்து அவர், நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் விதித்த கப்பல் வரி பற்றிய வழக்கோடு.