நீலக்கட்டிக்கு இரண்டாயிரம் ரூபாயா?

போன மாதம் ஆசைப்பட்டு, பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கும் சாக் ஒன்றை விலை உயர்ந்ததாக வாங்கினேன். ஒரே ஒரு கட்டி, இரண்டாயிரத்துக்கு மேல். கிளப்பில் இலவசமாகக் கிடக்கும் நடுவில் குழி விழுந்த நீலக்கட்டியை விட்டுவிட்டு இதையே ஒரு மாதம் தேய்த்து ஆடிப் பார்த்தேன்.

ஆட்டம் ஏறியதா? இல்லை. தவறவிட்ட பந்துகளை இப்போதும் தவறவிடுகிறேன், ஏனென்றால் குறி பார்ப்பது சாக்கின் வேலை இல்லையே! அதன் வேலை டிப்புக்கும், அதாவது கோலின் நுனியில் இருக்கும் தோலுக்கும், பந்துக்கும் இடையே பிடிப்புக் கொடுப்பது, அவ்வளவுதான். பெயர்தான் சாக், பள்ளிக்கூடச் சாக்பீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1897-இல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் இருவரும் காப்புரிமை வாங்கியதிலிருந்தே இது உரசல் தரும் சிலிக்கா போன்ற பொடிகளின் கலவை. பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதி தூரத்தைத் தாண்டி அடித்தால் எந்தச் சாக் போட்டாலும் டிப் வழுக்கத்தான் செய்யும்.

ஒரு நல்லது உண்டு. பழைய கட்டியில் ஒவ்வொரு அடிக்கும் தேய்க்க வேண்டும், இது நாலைந்து அடிக்குத் தாங்குகிறது. வெள்ளைப் பந்தில் நீலத் தடம் குறைவாகப் படிகிறது, கையும் துணியும் சுத்தமாக இருக்கின்றன. பந்தில் ஒட்டிய தூள் இன்னொரு பந்தோடு மோதும் இடத்தில் மாட்டினால் பாதை கொஞ்சம் மாறிவிடும் என்பதால் அந்தச் சுத்தத்துக்கு மதிப்பு இருக்கிறது.

சரி, மறுபடி வாங்குவேனா? முதலில் டிப்பை மாற்றுகிறேன், அது தட்டையாகிப் பளபளவென்று கிடக்கிறது.